பாதி வழியும் நடையே

கும்பகோணத்திலிருந்து தாராசுரம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். மேடு பள்ளமற்ற சமவெளி. நலமுள்ளவருக்கு ஒரு மணி நேர நடை. நோயிலிருந்து தேறி வருபவருக்கோ அதுவே மலையேற்றம். "இவ்வளவுதானே" என்று அவரை விரைவுபடுத்துவதும் தவறு. "வேண்டாம், படுத்திருங்கள்" என்று அன்பால் முடக்குவதும் தவறு.

மருத்துவரின் ஒப்புதலோடு முதலில் தெருமுனை வரை செல்லட்டும். பேசிக்கொண்டே நடக்க இயலும் வேகம் போதும். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே நின்று மருத்துவ உதவி நாட வேண்டும். உடன் செல்பவர் நோயாளியின் வேகத்திலேயே நடப்பதுதான் உண்மையான பணிவிடை. பாதியில் திரும்பினாலும் இழுக்கில்லை.

இரண்டாம் இராசராச சோழன் தாராசுரத்தில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில் 800 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. இன்னும் சில மாதங்கள் நமக்காகக் காத்திருக்கும்.