கையில் போன் இருந்தால் கல்வி வந்துவிடாது

வகுப்பறைக்குள் செல்போனைக் கொண்டுவந்துவிட்டால் போதும், மலையடிவாரத்துப் பிள்ளைகளும் நகரத்துப் பிள்ளைகளுக்கு ஈடாக வந்துவிடுவார்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். படித்தவர்கள் சொல்வதால் படிக்காதவர்களும் நம்புகிறார்கள். ஏலக்காய்த் தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்து, "படிப்புக்குத்தானே கேட்கிறான்" என்று தவணையில் போன் வாங்கிக் கொடுக்கும் தாய்மார்கள் போடிநாயக்கனூரில் நிறையப் பேர். அந்த நம்பிக்கை தவறானது. அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர்கள் அந்தத் தாய்மார்களின் பிள்ளைகளே.

போடி வட்டாரத்தில் ஒரு தோட்டத் தொழிலாளியின் வீடு எப்படி இயங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். விடியுமுன்பே ஜீப் கிளம்பிவிடும். போடிமெட்டுக்குப் போகும் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று கேரளத்துத் தோட்டங்களுக்கு ஆட்கள் போகிறார்கள். காய் எடுப்பு, களை வெட்டு, மருந்தடிப்பு என்று வேலை முடிந்து அவர்கள் திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். வீட்டில் இருப்பது ஒரு போன் என்றால் அது அவர்களோடுதான் மலையேறும். பாதி வழியில் வண்டி நின்றாலும் தோட்டத்தில் ஒருவர் விழுந்து அடிபட்டாலும் சேதி சொல்ல அது வேண்டும். இரவு வீடு வந்த பிறகு அது பிள்ளை கைக்கு வருகிறது. அதிலும் அண்ணன் பார்த்து முடித்த பிறகுதான் தங்கைக்கு. மலைச்சரிவில் குடியிருப்போருக்கு அதுவும் இல்லை. டவர் கிடைக்கும் மேடு தேடி அவர்கள் நடக்க வேண்டும்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது இதை நாடே கண்ணால் பார்த்தது. 2018 முதல் புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் குறியீடு இருந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியும் வந்துவிட்டது. காணொளிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பள்ளி திறந்தபோது எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத பிள்ளைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். அந்த இழப்பைச் சரிக்கட்டத் தமிழக அரசு என்ன செய்தது? ஆட்களை அனுப்பியது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' மாலை நேரத்தில் தெருத் திண்ணையிலும் ஊர்ப் பொதுஇடத்திலும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு தன்னார்வலரை உட்கார வைத்தது. அப்படி வந்தவர்கள் லட்சத்துக்கும் மேல். பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். அடுத்த ஆண்டு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பாட்டும் விளையாட்டும் அட்டைகளுமாக ஆசிரியரே நடத்த வேண்டிய திட்டம் அது. போன் வழிக் கல்வி விட்டுச்சென்ற பள்ளத்தை மனிதர்களைக் கொண்டுதான் நிரப்ப முடிந்தது. இந்தப் பாடத்தை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள், கருவியைக் கொடுத்தால் போதும்" என்போர் சுகதா மித்ராவைச் சுட்டுவார்கள். 1999-இல் டெல்லி கல்காஜியில் சுவரில் துளையிட்டுக் கணினி வைத்தவர். அவருடைய மிகவும் பேசப்பட்ட சோதனைகளில் ஒன்று தமிழ்ப் பிள்ளைகளிடம்தான் நடந்தது. காளிக்குப்பம் என்ற சிற்றூரில், ஆங்கிலத்தில் இருந்த உயிரியல் தகவல்களைப் பிள்ளைகள் கையில் விட்டுப் பார்த்தார். தாமாகவே படித்து ஏறத்தாழ 30 சதவீத மதிப்பெண் எடுத்தார்கள். வியப்பான செய்திதான், மறுக்கவில்லை. அதற்குப் பின் நடந்ததைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உயிரியல் தெரியாத ஓர் இளம்பெண்ணைப் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார் மித்ரா. "அட, இது எப்படி வந்தது? எனக்கும் காட்டு" என்கிற விதமாக ஊக்கப்படுத்துவது மட்டுமே அந்தப் பெண்ணின் வேலை. மதிப்பெண் 50 சதவீதத்துக்கு ஏறியது. கூட ஒருவர் நின்றதில் வந்த ஏற்றம் இது. அந்தக் கணினியும் பொதுஇடத்தில் பலர் கூடிப் பேசிப் பார்த்த பெரிய திரை. தலையைக் குனிந்து தனியே பார்க்கும் ஐந்தங்குலத் திரைக்கு அந்தச் சோதனையைச் சாட்சியாக்குவது நியாயமில்லை.

போனைப் பிள்ளைகள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கிராமப்புற இந்தியாவை ஆராயும் 'அசர்' 2024 அறிக்கை 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டது. ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்தவர்களில் 57 சதவீதம் பேர் முந்தைய வாரத்தில் படிப்பு சார்ந்த ஏதோ ஒன்றுக்கு அதைப் பயன்படுத்தியிருந்தார்கள்; சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். பிள்ளைகளைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. விரலை எடுக்கவிடாமல் இழுத்துப் பிடிப்பதற்கென்றே உலகின் திறமையான பொறியாளர்கள் உட்கார்ந்து செய்த பொருள் அது. பதின்மூன்று வயதுப் பிள்ளை அதை வென்றுவிட்டு ஒளிச்சேர்க்கை படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை.

இங்கிலாந்தில் நான்கு நகரங்களின் பள்ளிகளை ஆராய்ந்து பெலாந்த், மர்ஃபி என்ற இருவர் 2015-இல் வெளியிட்ட முடிவு நம் ஊருக்கு முக்கியமானது. போனைத் தடுத்த பள்ளிகளில் மதிப்பெண் கூடியது. கூடுதலாகப் பயன் பெற்றவர்கள் படிப்பில் பின்தங்கியிருந்த மாணவர்கள். நன்றாகப் படிப்பவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. அப்படியானால் வகுப்பறைக்குள் போனை விடும்போது முதலில் அடிபடுவது யார்? வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளை. ஜீப்பில் போனவர்களின் பிள்ளை. பிரான்ஸ் 2018-இலேயே பள்ளியில் போனைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 2023-இல் யுனெஸ்கோவின் உலகக் கல்வி அறிக்கையும் எச்சரித்தது. பணக்கார நாடுகள் வகுப்பறையிலிருந்து வெளியே எடுத்து வைப்பதை நம் பிள்ளைகளுக்கு முன்னேற்றம் என்று சொல்லிக் கொடுக்கிறோம்.

போடியில் இதைப் பேசினால் ஒரு பதில் உடனே வரும். "ஏலக்காய் ஏலமே கணினிக்கு மாறிவிட்டது. பள்ளிக்கூடம் மட்டும் பழைய மாதிரியே இருக்கணுமா?" நல்ல கேள்வி. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் போடியிலேயே இருக்கிறது. அங்கே நடப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் வியாபாரிகளின் முன்னால் மாதிரிக் காய் வருகிறது. அதைக் கொட்டிப் பார்க்கிறார்கள், நிறம் பார்க்கிறார்கள், பருமன் பார்க்கிறார்கள், நசுக்கி முகர்கிறார்கள். காயை அறிந்துகொள்வது கண்ணும் கையும் மூக்கும். அதற்குப் பிறகுதான் விலையைச் சொல்லப் பொத்தானை அழுத்துகிறார்கள். பல வருடத் தொழில் பழகிய வியாபாரியே திரையில் படத்தைப் பார்த்து ஏலக்காய் வாங்குவதில்லை. அந்த ஏலக்காய்ச் செடி நிற்கும் மலையின் அடியில் படிக்கும் பிள்ளைக்குச் செடியின் பாகங்களைக் காணொளியில் காட்டினால் போதும் என்கிறோம். தூரடியில் சரம் ஓடுவதையும், தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே விதை கறுத்திருப்பதையும் தெரிந்தவர்கள் அந்தப் பிள்ளையின் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை ஒருநாள் வகுப்புக்குக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

ஆசிரியர் கையில் போன் இருப்பதை நான் எதிர்க்கவில்லை. இதயம் சுருங்கி விரிவதை ஆசிரியர் திரையில் காட்டி, நிறுத்தி, கேள்வி கேட்டு நடத்தினால் அது நல்ல பாடம். காது கேளாத, கண் தெரியாத பிள்ளைக்குக் கருவி பெரிய துணை; அங்கே தயக்கமே வேண்டாம். ஆனால் இப்போது ஆசிரியரின் போன் பாடம் நடத்த உதவுவதைவிட வருகைப் பதிவு, தேர்வுப் பதிவு, திட்டப் பதிவு என்று செயலிகளுக்குத் தீனி போடவே அதிகம் பயன்படுகிறது. பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் ஆசிரியர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது அவர் குற்றமில்லை. சங்கங்கள் பல முறை முறையிட்டுவிட்டன.

சிறிய தொடக்கப் பள்ளிகளில் ஒருவரோ இருவரோ ஐந்து வகுப்புகளையும் சேர்த்து நடத்துகிறார்கள். அங்கே இன்னொரு ஆசிரியரை அமர்த்த மாதாமாதம் சம்பளம் வேண்டும். செயலிக்கு அது வேண்டாம். போன் புகழப்படுவதன் உள்ளே இந்தக் கணக்கு இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பெற்றோர் கேட்க வேண்டியது வேறு. மாலையில் ஜீப் திரும்பும் வரை பள்ளியைத் திறந்து வைத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க வைக்கச் சம்பளத்தோடு ஒரு ஆள். பூட்டிய பீரோவிலிருந்து பிள்ளைகள் கைக்கு வரும் நூலகப் புத்தகங்கள். காலியிடங்களில் ஆசிரியர்கள். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெரும்பான்மை பெற்றோர்களே. தீர்மானம் போட அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கூட்டம் பெரும்பாலும் வேலைநாளின் பிற்பகலில் நடக்கிறது. அந்த நேரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் மலைமேல் இருக்கிறார்கள். தோட்ட வேலை இல்லாத நாளில் அந்தக் கூட்டத்தை வையுங்கள் என்பதே போடி வட்டாரப் பள்ளிகளிடம் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை.