தராசு யார் கையில்?

"போட்டி இருந்தாத்தான் வேலை ஓடும்." கொழும்பில் கடை, கார்மென்ட், ஆபீஸ் என்று வேலைக்குப் போன பதுளைப் பிள்ளைகள் எல்லோரும் கேட்ட வசனம் இது. மாதாமாதம் ஒரு டார்கெட், சுவரில் ஒரு சிறந்த ஊழியரின் படம். கொஞ்ச நாளில் பக்கத்து மேசைக்காரர் எதிரி மாதிரித் தெரியத் தொடங்குவார்.

இது நமக்குப் புதுசில்லை. நம்ம அம்மாமார் மலையில் பார்த்ததும் இதைத்தான்.

கொழுந்து மலையில் ஆளுக்கொரு நிரை, தனிக் கணக்கு. சொன்ன கிலோ எடுத்தால் முழுப் பேர். குறைஞ்சா அரைப் பேர். அதற்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று மேலதிகக் காசு. கூட எடுத்தவங்க கூட வாங்கட்டும், அதில் தப்பில்லை. ஆனா எல்லோருக்கும் ஒரே மாதிரி மலையா கிடைக்குது? புல் மண்டிக் கிடக்கிற மலையில் எவ்வளவு வேகமான கையும் தோத்துப்போகும். அதோட, நாலு பேர் கூடுதலா எடுத்துக் காட்டினா, "அவங்களால முடியுதே, உங்களுக்கு என்ன?" என்ற கேள்வி வரும். ஜெயிச்சவங்க எடுத்த கிலோவே மற்றவங்களுக்கு அளவாகிடும்.

2021 மார்ச்சில் சம்பளச் சபை ஊடாக நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. கையோடு பல தோட்டங்களில் எடுக்கவேண்டிய கிலோவும் கூடியது. தராசு யார் கையில் இருக்கோ, அவங்கதான் போட்டியின் விதியையும் மாத்துறாங்க.

அப்போ நமக்குக் கிடைச்சதெல்லாம் எப்படிக் கிடைச்சது? 1940-இல், நம்ம ஊவாவின் வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையைக் கேட்டு நடக்க துரை சம்மதிக்க வேண்டி வந்தது. 1984 வரை தோட்டத்தில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. அந்த வருஷம் தோட்டங்கள் ஒன்றாக வேலையை நிறுத்திய பிறகுதான் அது சமமானது. எந்தப் பெண்ணும் தனியா நாலு கிலோ கூட எடுத்து அதை வாங்கவில்லை.

ஒற்றுமை லேசான காரியம் என்று நான் சொல்லவில்லை. ஒரே லயத்தில் பல சங்கங்களுக்குச் சந்தா போகுது. நமக்காகப் பேச வந்தவர்களே தங்களுக்குள் போட்டி போட்டதில் எவ்வளவு இழந்தோம் என்பதும் தெரியும். சேர்ந்து வேலை செய்வது என்றால் சும்மா இருக்கிறவர் வேலையையும் நாமே சுமப்பது என்றும் அர்த்தமில்லை.

ஆனா சில விஷயங்களை நாளைக்கே செய்யலாம். புதுசா வந்தவருக்கு, தெரிஞ்ச வேலையை ஒளிக்காமல் சொல்லிக்கொடுங்க. கூட வேலை செய்றவங்ககிட்ட உங்க சம்பளத்தைச் சொல்லுங்க, அவங்க சம்பளத்தையும் கேளுங்க. அடுத்த முறை டார்கெட் கூடும்போது, யார் அதை எட்டினது என்று தேடுறதை விட்டுட்டு, யார் அதைக் கூட்டினது, எதற்காக என்று எல்லோருமா சேர்ந்து கேளுங்க.