பதறாத காரியம் சிதறாது!



மின்னணுத் துறை நண்பர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்: "ஒரு ஸ்விட்சை ஒரு தடவை அழுத்தினால் எத்தனை பல்ஸ் வரும்?" "ஒண்ணு வரணும்; ஆனா பத்துகூட வரும்ப்பா" என்பார். உலோகத் தொடுமுனைகள் மோதித் துள்ளுவதால் சில மில்லி விநாடிகளுக்கு இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. இதுதான் 'பவுன்ஸ்'. இதை அடக்க இரண்டு நாண்ட் கேட் போடுவார்கள். அல்லது ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். 8279 கீபோர்டு சிப் தானாகவே சுமார் 10 மில்லி விநாடி பொறுத்து, விசை இன்னும் அழுத்தியபடி இருக்கிறதா என்று பார்த்தே ஏற்கும்.

கணிப்பொறித் துறையினராகிய நாம் இதை "அவங்க பாடம்" என்று விட்டுவிடுகிறோம். விடலாமா? கூடாது என்பதே என் கருத்து.

மென்பொருளிலும் இதே துள்ளல் உண்டு. தேடல் பெட்டியில் 'திருநெல்வேலி' என்று அடித்தால், ஒவ்வொரு விசைக்கும் ஒரு கேள்வி சர்வருக்கு ஓடுகிறது. நமக்கு வேண்டியதோ கடைசிக் கேள்விக்கான பதில் மட்டுமே. ஆகவே, அடிப்பது நின்று 300 மில்லி விநாடி அமைதியான பிறகு ஒரே ஒரு முறை கேட்டால் போதும். இதுவே 'டிபவுன்ஸ்'. பஸ் கண்டக்டரை நினைத்துப் பாருங்கள். ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போது விசில் ஊதமாட்டார். கடைசி ஆள் ஏறியதும் ஒரு கணம் பார்த்து, பிறகே "ரைட்!"

நம்மில் பலர் இதை எப்படி எழுதுகிறோம்? ஒரு டைமரை ஓடவிடுவது, புதிய நிகழ்ச்சி வந்தால் அதை ரத்து செய்வது, நடுவில் பொதுவான ஒரு 'ஃபிளாக்'. பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும் நிரலில் இது ஆபத்து. நாம் ரத்து செய்யப்போகும் அதே கணத்தில் டைமர் முடிந்திருந்தால்? பழைய வேலையும் நடக்கும், புதிய வேலையும் நடக்கும். பரிசோதனையில் நூறு முறை சரியாக ஓடிவிட்டு, நூற்றியோராவது முறை காலை வாரிவிடும்!

எர்லாங் மொழி இதற்கு நல்ல வழி காட்டுகிறது. தொலைபேசி இணைப்பகங்களுக்காக எரிக்சன் நிறுவனத்தில் 1986-ல் தொடங்கி, 1998-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட மொழி இது. இதில் காத்திருக்கும் பொறுப்பை ஒரே ஒரு 'பிராசஸ்' ஏற்கிறது. முதல் செய்தி வரும்வரை சும்மா இருக்கும். வந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு, 'ரிசீவ் - ஆஃப்டர் 300' என்று காத்திருக்கும். புதிய செய்தி வந்தால் பழையதை விட்டு, புதியதோடு தன்னையே மறுபடி அழைத்துக்கொள்ளும். 300 மில்லி விநாடி எதுவும் வராவிட்டால் வேலையை முடித்துவிட்டு முதல் நிலைக்குத் திரும்பும். இங்கே பகிர்ந்துகொள்ளும் ஃபிளாக் இல்லை. ரத்து செய்ய டைமரும் இல்லை. எனவே அந்தப் போட்டியே எழாது.

ஆனால் பொறுமைக்கும் எல்லை வேண்டாமா? ஆட்கள் ஓடி வந்து ஏறிக்கொண்டே இருந்தால் பஸ் கிளம்பவே கிளம்பாது. செய்திகள் இடைவெளியின்றி வந்தால் நம் பிராசஸும் அப்படித்தான் நின்றுவிடும். ஆகவே முதல் செய்தி வந்ததிலிருந்து அதிகபட்சம் 2 விநாடி என்று ஒரு கெடு வைக்க வேண்டும்.

எங்கே இது போதாது என்பதும் தெரிய வேண்டும். தேர்வுக் கட்டணம் இருமுறை போகாமல் தடுக்க டிபவுன்ஸை மட்டும் நம்பக் கூடாது. ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வரே தள்ளிவிட வேண்டும். இயந்திரத்தின் அவசர நிறுத்தப் பொத்தானையோ முதல் தொடுதலிலேயே ஏற்க வேண்டும். அங்கே காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

என் யோசனை இதுதான். இரு துறை மாணவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு பரிசோதனை செய்ய வேண்டும். அவர்கள் ஆசிலாஸ்கோப்பில் துள்ளலைக் காட்டட்டும். நாம் எர்லாங்கில் அதை அடக்கிக் காட்டுவோம். வேகமாக ஓடும் நிரலை எழுத எல்லோரும் கற்றுத் தருகிறார்கள். எப்போது பொறுக்க வேண்டும், எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பதை நாமே கற்றுக்கொள்வோம்.

வரும் பருவத்திலேயே தொடங்குவோமா நண்பர்களே?

- மூன்றாமாண்டு மாணவன், கணிப்பொறித் துறை