வெறுங்கூடு போட்டாகுமா?

சென்ற ஆண்டு சோழகம் எழுவதற்குச் சற்று முன்பு மறிச்சுக்கட்டிக் கரையில் ஒரு வைபவம் நடந்தேறியது. பந்தல் போட்டார்கள், ஒலிபெருக்கி கட்டினார்கள், வெள்ளை வெளேரென்ற கண்ணாடியிழைப் போட்டுகளை மணலில் வரிசையாக நிறுத்தி அணியத்திலே பட்டு நாடா சுற்றினார்கள். வந்த பெரியவர் நாடாவை வெட்டி, இனி உங்கள் வறுமை தீர்ந்தது என்று அறிவித்தார். படம் பிடித்தார்கள். மாலைக்குள் பந்தலையும் பிரித்துக்கொண்டு போனார்கள். பதினெட்டடி நீளமான கூடுகள் மட்டும் மணலிற் கிடந்தன. எஞ்சின் இல்லை, வலை இல்லை, நங்கூரம் இல்லை, ஒரு சவள்கூட இல்லை.

இரண்டு மாதங்கள் கழித்து எனது பத்தாந் தர வகுப்பில் ஓரிடம் வெறுமையாயிற்று. கணக்கிலே கெட்டிக்காரனான அந்தப் பையனைத் தேடிக் கரைக்குப் போனேன். தகப்பனும் மகனுமாகப் போட்டைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நானா, இவனைச் சோதனை மட்டுமாவது படிக்க விடக்கூடாதா?" என்றேன்.

"சேர், போட் தந்த ஆக்கள் நல்ல ஆக்கள்தான். ஆனா போட் வந்த நாளையிலேருந்துதான் நான் கடன்காரன்" என்றார் அவர்.

இந்த ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ளாத எவருக்கும் மீனவர் மேம்பாடு பற்றிப் பேசும் தகுதி கிடையாது என்பது என் துணிபு. ஆகவே இதனைச் சற்று விரித்துரைக்கிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றவன். நாவாய், வங்கம், அம்பி, திமில் என்று சங்க நூல்களில் வரும் கலங்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்புவிப்பேன். ஆனால் ஏரா என்பது கலத்தின் எந்தப் பகுதி என்பதை அன்றைக்கு அந்தப் பையன் விரலால் தொட்டுக்காட்டித்தான் அறிந்தேன். அறிந்தபின் வெட்கினேன். அன்று அவர்கள் எனக்குக் கற்பித்த பாடம் இது.

தொழிற்சாலையிலிருந்து வரும் கூடு எல்லாக் கடலுக்கும் பொதுவாக வார்க்கப்பட்டது. மறிச்சுக்கட்டிக் கடலோ பொதுவானதன்று. இங்கே துறைமுகமில்லை, ஒவ்வொரு நாளும் போட்டை மணலில் இழுத்தேற்ற வேண்டும். சிப்பியோடும் முருகைக் கல்லும் கலந்த மணல் அது; அரம்போல் அராவும். எனவே ஏராவின் மேல் கண்ணாடியிழைப் பாயை மேலும் இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி, பிசின் பூசி, காயவிட்டுத் தேய்க்க வேண்டும். அடுத்தது பின்பலகை. எஞ்சினின் முழுப் பாரமும் உதைப்பும் அங்கேதான் விழுகின்றன. உள்ளே தடித்த பலகை வைத்து இறுக்காவிட்டால் ஒரு சோழகத்துக்குள் வெடித்துவிடும். அதன் உயரமும் எஞ்சினின் தண்டு நீளமும் பொருந்த வேண்டும். குட்டைத் தண்டென்றால் ஏறக்குறைய 15 அங்குலம், நெட்டைத் தண்டென்றால் 20. பலகை உயர்ந்து தண்டு குட்டையாயின், அலைமேல் ஏறும்போதெல்லாம் காற்றாடி நீரை விட்டுக் காற்றைக் குடிக்கும். எஞ்சின் அலறும், போட் நகராது, எண்ணெய் மட்டும் தீரும். அணியத்தில் விளிம்பை உயர்த்தினால்தான் சோழகத்து அலை உள்ளே வந்து விழாது. வலை இழுக்கும் பக்கத்து விளிம்பை மழமழவென்று உருட்டாவிட்டால் நைலோன் இழை மாட்டிக் கிழியும். கவிழ்ந்தாலும் மிதப்பதற்காக இருக்கைகளின் கீழே காற்றறைகளை அடைக்க வேண்டும். மீனுக்கு ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டி வேண்டும். அது உருண்டோடாமல் இருக்கத் தடுப்பு வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்தபின்புதான் அது போட். அதுவரையில் அது பெரியதொரு தொட்டி.

இதில் எந்த வேலைக்கும் நாடா வெட்டியவர்கள் ஒரு சதமும் தரவில்லை. பிசினும் பலகையும் கடனுக்கு வந்தன. எஞ்சினின் விலை பெரும்பாலும் கூட்டின் விலையை விஞ்சுவது, அதுவும் கடனுக்குத்தான். கடன் தந்த முதலாளி வட்டி கேட்கவில்லை. மிகவும் இரக்கமுள்ளவர்! பிடிக்கும் மீன் முழுவதையும் தமக்கே, தாம் சொல்லும் விலைக்கே தரவேண்டுமென்று மட்டுந்தான் கேட்டார். எனவே கரையிலே கூறி விற்கும் உரிமை போயிற்று. கூலிக்கு ஆள் வைக்க வழியில்லை. மகன் கடலுக்கு வந்தான். ஒரு கொடையாளியின் தாராளமும் ஒரு முதலாளியின் இரக்கமும் சேர்ந்து ஒரு மாணவனை என் வகுப்பிலிருந்து எடுத்துச் சென்ற வரலாறு இதுவே.

"கொடுத்த போட்டை விற்றுத் தின்கிறார்கள்" என்று அலுவலக மேசைகளில் அடிக்கடி ஒரு குற்றச்சாட்டு எழுகிறது. சிலர் விற்கிறார்கள், நான் மறுக்கவில்லை. எஞ்சினும் வலையும் இல்லாத கூட்டை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்யலாமென்று குற்றஞ்சாட்டுவோர் சொல்லட்டும்!

மறிச்சுக்கட்டிக்கு இது புதிய கதையன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பு இங்கேதான் நடைபெற்றது. தமிழகத்திலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் சுழியோடிகள் வந்து குவிந்தனர். கரைக்கு வந்த சிப்பியை மூன்று பங்காக்கினார்கள். இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு மூச்சடக்கி மூழ்கியவனுக்கு. 1906இல் முத்துப் பார்களையே 20 ஆண்டுகளுக்கு ஒரு பிரித்தானியக் கம்பனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அடுத்த ஆண்டுக் குளிப்போடு பார்கள் வறண்டன, கம்பனி முறிந்தது. சுழியோடியின் நுரையீரலை ஈடு செய்தவர் எவருமில்லை. அன்று சிப்பியைத் திறக்கு முன்பே இரண்டு பங்கு போயிற்று. இன்று மீன் வலையில் விழு முன்பே எண்ணெய்க்கும் எஞ்சினுக்கும் பங்கு போய்விடுகிறது.

அதன்பின் 1990 ஒக்டோபர். விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது இந்தக் கரையின் மக்களும் வள்ளத்தையும் வலையையும் விட்டுவிட்டுப் புத்தளம் சென்றனர். அயலிலுள்ள முள்ளிக்குளத்து மக்கள் 2007இல் வெளியேற்றப்பட, அங்கே கடற்படைத் தளம் எழுந்தது. 2009இல் போர் முடிந்து மீண்டு வந்தோர் கண்டது காடு மூடிய வளவுகளை. இருபது ஆண்டுகள் முகாமில் வளர்ந்த இளைஞனுக்குக் கடல் தெரியாது. தகப்பனுக்குத் தெரியும், கலம் இல்லை. இந்த இடைவெளியில்தான் வெறுங்கூடுகள் வந்து இறங்கின.

பிறகு 2022. ஒரு டொலருக்கு ஏறக்குறைய 203 ஆக இருந்த ரூபா சில வாரங்களில் 360 வரை சரிந்தது. கடல் கடந்து வரும் எஞ்சினும் உதிரிப்பாகமும் எட்டாக் கனியாயின. அவ்வாண்டு ஓகஸ்டில் 87 ரூபாவுக்கு விற்ற ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. விலை பின்னர் இறங்கியது. அந்த மாதங்களில் ஏறிய கடன் இறங்கவில்லை. பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் சிறு எஞ்சின்காரனுக்கு மண்ணெண்ணெயின் விலையே கடலின் எல்லை. எவ்வளவு தூரம் போகலாமென்பதைத் தீர்மானிப்பது காற்றன்று, எரிபொருட் சிட்டை.

அன்றைய வைபவத்தில் ஓர் அலுவலர், அடுத்த முறை அலுமினியப் போட்டுகள் கொண்டுவருவோம், உலகமெல்லாம் இப்போது அதுதான் என்று மேடையிற் சொன்னார். கைதட்டினார்கள். பாரம் குறைந்தது, உக்காது, பழையதை உருக்கி மீண்டும் வார்க்கலாம். இவை யாவும் உண்மை. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏரிகளில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோர் அலுமினியப் போட்டை வாங்கித் தளம் போட்டு, இருக்கை வைத்து, விளக்குப் பூட்டி மகிழ்கிறார்கள், மகிழட்டும். ஆனால் உப்பு நீருக்கு மக்னீசியம் கலந்த கடல்தர அலுமினியம் வேண்டும். அதிலே செப்பு ஆணியோ பித்தளைத் திருகோ தொட்டுக்கொண்டிருந்தால் உப்பு நீரில் மின்னோட்டம் உண்டாகி அலுமினியத்தை அரிக்கும். வெடித்தால் ஆகன் வாயுவைப் பாய்ச்சித்தான் ஒட்ட வேண்டும். அந்த வாயுவும் பொறியும் மறிச்சுக்கட்டியில் எவர் வீட்டில் இருக்கின்றன? கண்ணாடியிழை வெடித்தால் ஒரு முழப் பாயும் ஒரு கிண்ணம் பிசினும் கொண்டு நிழலில் உட்கார்ந்து ஒருவன் தானே ஒட்டிக்கொள்வான். தன் கலத்தைத் தானே பழுதுபார்க்க முடியாதவன் பழுதுபார்ப்பவனுக்கும் கடன்காரனாவான். அந்த அலுவலரின் கணக்கில் இந்தக் கடனுக்கு நிரல் கிடையாது.

இப்படிச் சொன்னால், "நீர் விஞ்ஞானத்துக்கு எதிரியோ? தெப்பத்துக்கே திரும்பச் சொல்கிறீரோ?" என்று நம் முகாமிலேயே சில நண்பர்கள் கேட்பார்கள். சவள் வலித்துத் தோள் தேய்ந்தவன் எவனும் அப்படிச் சொல்லமாட்டான். எஞ்சின் வேண்டும். அது யார் கையில் இருக்கிறது என்பதே வழக்கு. 1953இல் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய இந்திய – நோர்வீஜியத் திட்டம் சிறு மீனவனுக்கென்றே இயந்திரப் படகைக் கொண்டுவந்தது. இறால் ஏற்றுமதியில் இலாபம் கண்டதும் பணமுள்ளோர் நுழைந்தனர். இழுவைமடி ஆட்சிக்கு வந்தது. எவனுக்காகத் திட்டம் போட்டார்களோ அவன் கரையில் நின்று பார்த்தான். இலங்கையில் இழுவைமடியை 2017இல் சட்டத்தால் தடுத்தோம். அது வேண்டியதே. சட்டம் வலையைத் தடுக்கும், கடனைத் தடுக்காது.

கடனைத் தடுத்த உதாரணமும் அதே தென்னிந்தியாவில் இருக்கிறது. 1980இல் திருவனந்தபுரத்தை நிலைக்களனாகக் கொண்டு தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. சங்கமே கரையில் மீனைக் கூறி விற்றது. சங்கமே கடன் தந்து, பிடிபட்ட மீனின் மதிப்பில் நூற்றுக்கு இவ்வளவென்று கழித்துக்கொண்டது. மீன் இல்லாத நாளில் கழிவும் இல்லை! படகுத் தளத்தையும் எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் அதுவே நடத்தியது. குமரி மாவட்டத்து முட்டத்தில் பியர் ஜில்லே என்ற பொறியியலாளர் ஒட்டுப்பலகைகளைக் கம்பியால் தைத்துப் பிசினால் மூட்டி வள்ளம் கட்டும் முறையை மீனவரோடு சேர்ந்து சோதித்தார். முதலில் செய்தவை கடலில் குறை காட்டின. குறையைச் சொன்னவர்கள் மீனவர்கள். கேட்டுத் திருத்தினார் பொறியியலாளர். இந்த வரிசை நம் அலுவலகங்களில் தலைகீழாக நிற்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? 1956இல் நோர்வே சென்ற நம் அந்தோனி இராசேந்திரத்தின் முயற்சியால் 1960களின் பிற்பகுதியில் காரைநகரில் சீநோர் எழவில்லையா? போட்டும் அங்கேயே, கட்டும் கையும் அந்த ஊர்க் கை. போர் அதனைச் சிதைத்தது. போருக்குப் பின்பு கூடுகளை இறக்குவதில் காட்டிய வேகத்தில் கால்வாசியை அத்தகைய பட்டறைகளை எழுப்புவதில் காட்டியிருந்தால் என் மாணவன் இன்று வகுப்பில் இருந்திருப்பான்.

நான் கேட்பது பெரிதன்று. சிலாவத்துறைக்குத் தெற்கே மீனவர் சங்கத்தின் பெயரில் ஒரு கொட்டகை. பிசினை வெயில் படாமல் வைக்க ஓர் அறை. எஞ்சின் தெரிந்த ஒருவருக்குச் சம்பளம். உதிரிப்பாகங்களுக்கு ஒரு சுழல்நிதி. இனிமேல் எவரேனும் போட் கொடுக்க வந்தால், எஞ்சினும் வலையும் பூட்டிக் கடலில் ஓட்டிக் காட்டியபின்பே நாடா வெட்டலாம் என்று சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றட்டும். பணம் எங்கே என்று கேட்பவர்கள் அந்தப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் வந்த சிட்டையை வெளியிடட்டும்.

ஆசிரிய நண்பர்களே, சங்கக் கூட்டம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நடக்கிறது. தீர்மானத்தை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முதல் வரைவில் பின்பலகையின் உயரத்தைப் பிழையாக எழுதிவிட்டேன், பையன் திருத்தினான்.