'கோப்பு இல்லை' என்று கணினி சொன்னால்

இடைநிலைப்பள்ளிகளில் 2017-இல் அடிப்படைக் கணினியியல் பாடம் வந்த பிறகு தோட்டப்புறப் பிள்ளைகளும் நிரல் எழுதிப் பார்க்கிறார்கள். பைத்தானில் பலர் முதலில் முட்டிக்கொள்வது கணக்கில் அல்ல, கோப்பைத் திறப்பதில். மாதிரி நிரலை அப்படியே ஓட்டுவார்கள். மழையளவு அட்டவணையைத் திறக்கும் வரிக்கு வந்ததும் 'ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர்' என்று சிவப்பு எழுத்தில் வந்து நிற்கும். கோப்போ கண் முன்னே இருக்கிறது. "எனக்கு இதெல்லாம் வராது டீச்சர்" என்று மடிக்கணினியை மூடிவைப்பது இந்த இடத்தில்தான்.

கணினி பொய் சொல்லவில்லை. 'மழை.சிஎஸ்வி' என்று பெயரை மட்டும் கொடுத்தால், அந்த நேரத்தில் தான் நிற்கும் கோப்புறையில் மட்டுமே அது தேடும். "மூணாவது லயம், கடைசி வீடு" என்று வழி சொல்வதைப் போலத்தான். ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் நின்று கேட்டால் ஒரு வீடு. பகாவ் பக்கத்தில் நின்று கேட்டால் வேறு வீடு.

நிரல் எங்கே நிற்கிறது என்பது அதை எப்படி ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. பைத்தானோடு வரும் ஐடிலில் எஃப்5 அழுத்தினால், நிரல் இருக்கும் கோப்புறைக்கே போய் நிற்கும். விஎஸ் கோடில் ஓட்டினால், வழக்கமாக நாம் திறந்து வைத்திருக்கும் மேல் கோப்புறையில் நிற்கும். வகுப்பில் ஓடிய நிரல் வீட்டில் படுத்துவிடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

அவசரத்துக்கு அண்ணனோ அக்காவோ செய்யும் வைத்தியம், சி டிரைவில் தொடங்கி முழு முகவரியையும் நிரலுக்குள் எழுதிவிடுவது. எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த முகவரிக்குள் அவர்கள் வீட்டுக் கணினியின் பயனர் பெயர் இருக்கும். பள்ளிக் கணினியில் அது இருக்காது. அதோடு, பின்சாய்கோட்டை அடுத்து ஆங்கிலச் சிறிய எழுத்து 'என்' வந்தால் பைத்தான் அதைப் புதிய வரி என்றே படிக்கும். (டாஸ் முதல் பதிப்பு முன்சாய்கோட்டை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டதால், 1983-இல் கோப்புறைகள் வந்தபோது பின்சாய்கோடு வாய்த்தது. அந்த முடிவுக்கு நம் பிள்ளைகள் இன்னும் வட்டி கட்டுகிறார்கள்.) விண்டோஸிலும் பைத்தானுக்கு முன்சாய்கோடே போதும்.

உதவ நினைப்பவர்கள் முதலில் மவுஸைப் பிடுங்காமல் இருக்கட்டும். ஓஎஸ் தொகுப்பின் 'கெட்சிடபிள்யூடி'யை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள்; நிரல் நிற்கும் இடம் திரையில் வரும். அடுத்து 'லிஸ்ட்டிர்', அங்கே உள்ள கோப்புகளின் பெயர்கள் வரும். பட்டியலில் 'மழை.சிஎஸ்வி.டிஎக்ஸ்டி' என்று தெரிந்தால் கள்ளன் அகப்பட்டான்: நோட்பேட் வாலில் ஒன்றை ஒட்டிவிட்டது, விண்டோஸ் அதை மறைத்துவிட்டது. இவ்வளவையும் பிள்ளையே பார்த்துவிட்டால், அடுத்த முறை யாரையும் கூப்பிடாது.

கைப்பேசியிலேயே வளர்ந்த பிள்ளைக்குக் கோப்புறை என்பதே புதிது. படம் கேலரியில், பாடம் வாட்ஸ்அப்பில். எந்தக் கோப்புறையில் என்று அதை யாரும் கேட்டதில்லை. ஆகவே நிரலுக்கு முன்பே ஒரு முழுப் பாடவேளையைக் கோப்புறைக்கு ஒதுக்க வேண்டும் என்பேன். நேரமில்லை என்பார்கள். ஒவ்வொரு வாரமும் பத்துப் பேரின் 'கோப்பு இல்லை'யைத் தீர்ப்பதற்குப் போகும் நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். பயிற்சிநூல் எழுதுகிறவர்களும் மாதிரி நிரலின் பக்கத்திலேயே, எந்தக் கோப்பு எந்தக் கோப்புறைக்குள் இருக்கவேண்டும் என்று ஒரு சிறு படம் போட்டுவிடலாம். அரைப் பக்கம் போதும்.