நிலத்தடியில் ஒரு கணக்கு, டேங்கில் ஒரு கணக்கு... கச்சா எண்ணெய் இருப்பை எப்படி அளக்கிறார்கள்?

2024 ஜனவரியில் கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடல் பகுதியில் ஓஎன்ஜிசி எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. புதிய எண்ணெய் வயல் என்றாலே முதலில் வரும் கேள்வி, 'உள்ளே எத்தனை பேரல் இருக்கு?' என்பதுதான். ஆய்வக முடிவில் செய்யும் ஒரு சின்னத் திருத்தம், அந்தப் பதிலையே கோடிக்கணக்கில் மாற்றிவிடும்.

எண்ணெய் ஏன் சுருங்குகிறது?

நிலத்தடியில் கடும் அழுத்தத்தில் இருக்கும் எண்ணெயில் வாயு கரைந்திருக்கும். மேலே வர வர அழுத்தம் குறையும். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி வாயு பிரிந்துபோகும், எண்ணெயின் அளவும் சுருங்கும். டேங்கில் 1 பேரல் சேர நிலத்தடியில் எத்தனை பேரல் வேண்டும் என்பதைச் சொல்வதுதான் 'கொள்ளளவுக் காரணி'.

லேப் ரிசல்ட் போதாதா?

போதாது. ஆய்வகத்தில், நிலத்தடி வெப்பநிலையிலேயே எண்ணெய் மாதிரியை வைத்து, அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, பிரியும் வாயுவை அவ்வப்போது வெளியேற்றுவார்கள். ஆனா வயலில் நடப்பது வேற. கிணற்றிலிருந்து வரும் எண்ணெய், குறைந்த வெப்பநிலையில் இயங்கும் பிரிப்பான்கள் வழியாக டேங்குக்குப் போகும். அந்த வழியில் பொதுவாகச் சுருக்கம் குறைவு.

எவ்வளவு வித்தியாசம் வரும்?

ஓர் உதாரணம்: நிலத்தடியில் 100 கோடி பேரல் இருக்கிறது. ஆய்வகக் காரணி 1.60 என்றால், டேங்க் கணக்கில் 62.5 கோடி. பிரிப்பான் சோதனையில் 1.50 வந்தால், சுமார் 66.6 கோடி. திருத்தாமல் விட்டால் 4 கோடி பேரல் காகிதத்திலேயே காணாமல் போகும். இருப்பு முழுவதையும் வெளியே எடுக்க முடியாதுதான். ஆனாலும் 4 கோடி பேரல் என்பது இந்தியாவின் சுமார் ஒரு வாரப் பயன்பாடு!

எப்படித் திருத்துகிறார்கள்?

இரண்டு சோதனைகளின் காரணிகளுக்கும் உள்ள விகிதத்தால் ஆய்வக எண்களைப் பெருக்குவார்கள். கரைந்த வாயுவின் அளவையும் இதே விகிதத்தை வைத்துத் திருத்துவார்கள். ஆனா இதிலும் ஒரு சிக்கல். அழுத்தம் ரொம்பக் குறையும்போது, கரைந்த வாயு பூஜ்யத்துக்கும் கீழே போவதாகக் கணக்கு காட்டலாம். நிஜத்தில் அது நடக்காது. அதனால் எண்ணெயின் கூறுகளை வைத்து, கணினி மாதிரியிலும் சரிபார்ப்பார்கள்.

டேங்க், குழாய், வாயுவைக் கையாளும் வசதி என எல்லா முதலீடும் இந்த எண்களை நம்பித்தான். ஆய்வக எண் தப்பில்லை; ஆனா எண்ணெய் வந்து சேரும் வழிக்கு அதைப் பொருத்தாவிட்டால், திட்டமே தப்பாகிவிடும்.