நடப்பது உங்கள் கால், சர்க்கரை அவர்களுக்கு

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே சார்!"

நம்மூர் ஆண்கள் அடிக்கடி சொல்லும் இந்த வாக்கியத்தோடுதான் இன்றைக்கு என் சண்டை. கொஞ்சம் காரமாக இருக்கும். பிடிக்காதவர்கள் பின்னூட்டத்தில் திட்டிக் கொள்ளலாம்.

நான் வேலை பார்க்கும் நாக்பூரில், எங்கள் குடியிருப்புப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் கணிசம். காலை ஆறு மணிக்குப் பூங்காவுக்குப் போனால் நம் ஆட்கள் எல்லாரும் ஆஜர். ஷூ என்ன, குரங்குக் குல்லாய் என்ன! நடையை விட அரசியல் ஜாஸ்தி, இருந்தாலும் நடக்கிறார்கள். சந்தோஷம். அவர்கள் வீட்டம்மாக்கள் மட்டும் வருவதில்லை. ஏன் என்று கேட்டால்தான் மேலே சொன்ன ரெடிமேட் பதில்.

நான் டாக்டர் இல்லை, பி.காம். ஆனால் இந்தக் கணக்கு, லெட்ஜர் பார்க்கிறவனுக்கே புரிகிற கணக்கு.

இன்சுலின் ஒரு ஹார்மோன். ரத்தத்தில் வந்து, தசை செல்லின் மேல் இருக்கும் ரிசப்டரில் ஒட்டும். ஒட்டியதும் உள்ளேயிருந்து குளூட்-4 என்கிற கதவுகள் செல்லின் மேல்பரப்புக்கு வரும், சர்க்கரை உள்ளே போகும். டைப்-2 சர்க்கரை நோயில் இன்சுலின் வந்து தட்டினாலும் கதவு சரியாகத் திறப்பதில்லை.

1979-ல் அமெரிக்காவில், பயிற்சிப் பழக்கம் இல்லாத சிலருக்கு ஆறு வாரம் உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ரத்த வெள்ளணுக்களில் இன்சுலின் ஒட்டுவது 35 சதவீதம் கூடியிருந்தது. ஆகா, ரகசியம் இதுதான் என்று நினைத்தார்கள். பிறகு தசையையே எடுத்து ஆராய்ந்தபோது, முக்கியமான லாபம் ஒட்டுவதில் இல்லை, ஒட்டிய பிறகு உள்ளே நடக்கும் வேலையில்தான் என்று தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. தசை சுருங்கி விரிந்தாலே போதும், இன்சுலின் தட்டாமலே அந்தக் கதவு திறக்கிறது.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. 1989-ல் கோபன்ஹேகனில் செய்தது. ஆட்களை ஒரு காலால் மட்டும் பயிற்சி செய்ய வைத்தார்கள், மற்றக் கால் சும்மா. சில மணி நேரம் கழித்து இன்சுலின் கொடுத்து அளந்தால், உழைத்த கால் கூடுதலாகச் சர்க்கரையை இழுக்கிறது. அதே ஆள், அதே ரத்தம், அதே இன்சுலின். பலன் உழைத்த காலுக்கு மட்டும்!

ஒரே உடம்பில் இந்தக் காலின் வரவு அந்தக் காலுக்கே மாற்றலாகவில்லை. ஐயா சுற்றிய ஐந்து ரவுண்டு அம்மா கணக்கில் வரவாகுமா? இதில் ஜாயின்ட் அக்கவுண்ட் கிடையாது. சேமித்து வைக்கவும் முடியாது. பயிற்சியின் இந்தப் பலன் இரண்டு நாளில் கரைந்துவிடும், வருடக் கடைசியில் காலாவதியாகும் சி.எல். மாதிரி.

வீட்டு வேலை வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதுகு ஒடிகிற வேலை அது. ஆனால் அடுப்படியில் இரண்டு மணி நேரம் நிற்பதால் கால் வலிக்குமே தவிர, மூச்சு வாங்காது. வேகமாக நடக்கும்போது தொடைத் தசை செய்யும் வேலை அங்கே நடப்பதில்லை. ஊரில் இருந்தாலாவது கோயில், கடைத்தெரு, அம்மா வீடு என்று கால் தானாக நடக்கும். இங்கே காய்கறி வண்டி கேட்டுக்கே வருகிறது. பாஷை தெரியாது, துணை இல்லை, தெருநாய் பயம் வேறு. கூட்டி வந்தது நாம்தானே?

நடந்து என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு: டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியான சென்னை ஆய்வில், சர்க்கரையின் விளிம்பில் இருந்தவர்களுக்கு நடையும் உணவு மாற்றமும் மட்டுமே நோய் வரும் அபாயத்தை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 26.4. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி, விளிம்பில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். பிரசவ காலத்தில் சர்க்கரை வந்துபோன பெண்களுக்குப் பின்னாளில் அபாயம் இன்னும் அதிகம். அப்படி எத்தனை பேர் நம் வீடுகளில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

எனவே ஐயாமார்களே, "நீயும் நடக்கலாம்ல?" என்று அறிவுரை சொல்வதை நிறுத்துங்கள். வாரம் ஐந்து நாள், தினம் அரை மணி நேரம் கொடுங்கள். அந்த அரை மணி குக்கரும் டிபன் பாக்ஸும் உங்கள் பொறுப்பு. மூன்றாவது விசிலில் அடுப்பை அணைக்க பி.காம். போதும். ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒன்று. பொங்கலுக்குக் கோலப்போட்டி, மியூசிக்கல் சேர் எல்லாம் நடத்துகிறீர்கள். பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து நடக்க ஒரு குழு அமைத்தால் காசா, பணமா? துணைக்கு ஆள் இருந்தால் நாயும் பயமில்லை, பாஷையும் பயமில்லை.

உங்கள் ஊரில் அப்படி ஒரு குழு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று சொல்லுங்கள். "வீட்டு வேலையே..." என்று மட்டும் தொடங்காதீர்கள்.